பதினோரு நிமிடச் சுதந்திரம்

அந்த ஊர்க் கலை அருங்காட்சியகத்தில் குழந்தைகளின் கற்பனையைக் கவனித்துக்கொள்வதற்கென்றே இரண்டாம் மாடியில் ஒரு பிரிவு இருந்தது. ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். ஒன்பது பேருக்கும் குழந்தைகள் என்றால் உயிர். சத்தம் மட்டும்தான் ஆகாது. அதனால் மாடிப்படி தொடங்கும் இடத்திலேயே, "குழந்தைகளே வருக! சத்தம் போடாமல் வருக!" என்று எழுதி, ஒரு சூரியகாந்திப் பூவையும் வரைந்து வைத்திருந்தார்கள். குடும்பங்களைக் கலைக்கு அருகில் கொண்டுவருவது பிரிவின் நோக்கம். எவ்வளவு அருகில் என்பதைக் காட்டத் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள்.

இந்தப் பிரிவின் வாயில் போய் விழுந்தவர், கடைத்தெருவில் சிறுவர் காலணிக் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர். தெருவில் எல்லாரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதம் அளக்கிற பலகை கடையில் இருந்தது. அவருக்கு அது வேண்டியதில்லை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் குதிகாலை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் ஷூவின் நுனியை ஒரு அமுக்கு அமுக்குவார். "இன்னும் ஆறு மாசம் தாங்கும், அப்புறம் வாங்க" என்பார். ஆறு மாதம்தான் தாங்கும். முடி வெட்டப் போனாலும் ஊசி போடப் போனாலும் ஊரைக் கூட்டுகிற குழந்தைகள்கூட அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே காலை நீட்டும். அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் குடும்பம் ஓடியது.

அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். கடையிலிருந்து அவர் கொண்டுவரும் ஷூ பெட்டி மூடிகளின் உள்பக்கம் முழுக்க வரைந்து தள்ளுவாள். இதை அவர் ஒருநாள் வாய் தவறி ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். "குடும்பக் கலை ஞாயிறு" என்று அச்சடித்த ஓர் இலவசச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"ஓசின்னா உடனே கிளம்பிடுவீங்களா?" என்றாள் மனைவி. அவள் மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை முறைவேலை. "சரி, பாப்பாவுக்கு ஆசையா இருக்கு. போய்ட்டு வாங்க. ஆனா அங்க பேசறவங்க பேச்சையெல்லாம் காதுல வாங்கிக்காதீங்க."

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் "முழுக் குடும்பம்", "குறைக் குடும்பம்" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அளவுக்காரர் விளக்கினார். அங்கிருந்த பெண் அன்பாகச் சிரித்துக்கொண்டே "குறை"யில் குறி போட்டாள். மகளின் சட்டையில் "கலைஞர்" என்று ஒரு ஸ்டிக்கரும், இவர் சட்டையில் "உடன்வந்த பெரியவர்" என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். இவருடையது சாம்பல் நிறம்.

சுற்றிக்காட்ட வந்தவளுக்குப் பார்வைத் தோழி என்று பதவி. அவள் குழந்தைகளை ஒரு பெரிய ஓவியத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அதில் ஒரு சோபா இருந்தது, சோபாவின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

"என்ன தெரியுது, சொல்லுங்க பார்க்கலாம்!"

"நாய்" என்றாள் மகள்.

பார்வைத் தோழியின் முகம் சுருங்கிப்போயிற்று. "நாய்னு பேர் சொல்லக் கூடாது, கண்ணா. பேர் சொல்லிட்டா பார்வை செத்துப்போயிடும். இதைப் பார்த்ததும் உனக்குள்ள என்ன தோணுது? உள்ள, உள்ள?"

மகள் கண்ணை மூடி உள்ளே தேடிப் பார்த்தாள். "ஒண்ணுக்கு வருது" என்றாள்.

பார்வைத் தோழி பரவசத்தோடு குறிப்பேட்டை எடுத்து, "ஓவியம் குழந்தையின் உடலைத் தொட்டது" என்று எழுதிக்கொண்டாள். கழிவறை எங்கே என்று அளவுக்காரர் கேட்டதை எழுதிக்கொள்ளவில்லை. அதற்கு வழியும் சொல்லவில்லை.

பிறகு சுதந்திர அறை. பெயர் அதுதான். சுவரில் "சுதந்திரத்தின் பதினான்கு விதிகள்" தொங்கின. பெற்றோர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். குழந்தைக்கு மூன்று கிரேயான். நிறத்தை மாற்றிக் கேட்கக் கூடாது. பிரிவின் தலைவி வந்தார். அவரை எல்லாரும் அம்மையார் என்றார்கள். கழுத்தில் கனமான மரமணிகள். குழந்தைகளின் தலைக்கு மேலே பெற்றோரைப் பார்த்துப் பேசினார்.

"பெற்றோர்களே! இந்த அறையில தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தப்பு பண்றவங்களை உடனே வெளியே அனுப்பிடறோம், அதனால கிடையாது. குழந்தை தனக்குத் தோணினதை வரையலாம். இன்னைக்கு என்ன தோணணும்னு பலகையில எழுதிப் போட்டிருக்கோம். முதல் பதினோரு நிமிஷம்தான் குழந்தை தன்னோட உண்மையை வரையுது. இது எங்க ஆராய்ச்சி. பன்னிரண்டாவது நிமிஷத்துல பெற்றோரோட பாதிப்பு உள்ளே வந்துடும். அதனால பதினோராவது நிமிஷத்துல மணி அடிச்சுடுவோம். குழந்தையை நாங்க அவ்வளவு மதிக்கிறோம்."

பலகையில் "என் வீட்டில் ஒருவர்" என்று எழுதியிருந்தது. மகள் அப்பாவை வரையத் தொடங்கினாள். அப்பாவை அவள் எப்போதும் கீழேயிருந்துதான் வரைவாள். முதலில் ஷூ. ஷூ என்றால் ஏனோதானோ என்று இல்லை. லேஸ் நுழைகிற ஓட்டைகள் பக்கத்துக்கு ஐந்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக லேஸ், முடிச்சு, முடிச்சின் இரண்டு காதுகள், பின்னால் குதிகால் தையல். அதற்கே ஏழு நிமிடம் போய்விட்டது. பிறகு கால், சட்டை, பொத்தான், சிரிக்கிற முகம், மூக்கில் ஒரு மச்சம். தோளுக்கு நீலக் கிரேயானை எடுத்தாள். மணி அடித்தது.

"கை போடல! இன்னும் கை போடல!"

"முடிஞ்சிருச்சு கண்ணா. முடிக்காததுதான் அழகு" என்று பார்வைத் தோழி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிரேயானை எடுத்தாள்.

மகள் ஓவென்று அழுதாள். அளவுக்காரர் ஓரடி முன்னே வைத்தார். மஞ்சள் கோடு என்று நான்கு பேர் கத்தினார்கள். அம்மையார் குனிந்து தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "குழந்தை அழுததைக் குறிச்சுக்கோங்க" என்றார். "இதைத் தனியா எடுத்து வைங்க. கையுறை போட்டுக்கிட்டு எடுங்க."

மூன்று வாரம் கழித்து, இரண்டு வயதிலிருந்து இவரிடமே ஷூ வாங்கும் ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்தாள். பையன் வழக்கம்போல் காலை நீட்டினான். அம்மா அந்தக் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "வேண்டாம். அவனே போட்டுக்குவான்" என்றாள். ஏழாம் நம்பர் அளவுப் பையன், லேஸ் கட்டத் தெரியாது. அவள் தானே குனிந்து மூச்சு வாங்கக் கட்டிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வேறு ஆளைக் கேட்டார்கள். கடை முதலாளிதான் கடைசியில் விஷயத்தைச் சொன்னார். "மியூசியத்துல உன்னைப் பத்தி என்னமோ மாட்டி வச்சிருக்காங்களாமேப்பா? போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். "குழந்தைகள் சாட்சி சொல்கிறார்கள்" என்று ஒரு கண்காட்சி. நடுச்சுவரில், கண்ணாடி போடாமல், கயிற்றுத் தடுப்புக்கு அந்தப்பக்கம், மகளின் படம். பக்கத்தில் விளக்கப் பலகை:

"கையில்லாத அப்பா. தாளில் மெழுகு வண்ணம். கலைஞர்: பெண் குழந்தை, ஏழு வயது. தந்தை சிறுவர் காலணிக் கடை ஊழியர். பிரம்மாண்டமான காலணிகள் மிதிபடும் அச்சத்தைப் பேசுகின்றன. அந்தக் கைகள் வீட்டில் என்னென்ன செய்தனவோ, குழந்தை அவற்றை வரைய மறுத்துவிட்டது. குறைக் குடும்பம்."

பெயரைப் போடவில்லை. தனிமனிதரின் அந்தரங்கத்தை மதிக்கிறவர்கள். அந்த ஊரில் சிறுவர் காலணிக் கடை ஒன்றே ஒன்றுதான், அதில் மகள் இருக்கிற ஊழியர் ஒருவரே ஒருவர்தான். அது அவர்கள் தப்பா?

அளவுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகை எழுதுகிறவரைத் தேடிப் பிடித்தார். மெலிந்த இளைஞர், வட்டக் கண்ணாடி, மேசையில் அகராதிகள்.

"சார், பாப்பாவுக்கு நேரம் பத்தலைங்க. ஷூவுக்கே நேரம் போயிடுச்சு. கை போடறதுக்குள்ள மணி அடிச்சுட்டீங்க."

"அப்படித்தான் சொல்வாங்க."

"யாருங்க?"

"கையில்லாத அப்பாக்கள்" என்றார் இளைஞர்.

மறுநாள் பலகையின் அடியில் ஒரு வரி கூடியிருந்தது: "தந்தை இதை மறுக்கிறார்."

சனிக்கிழமை மகளையே கூட்டிக்கொண்டு அம்மையாரின் அறைக்குப் போனார். அம்மையார் மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அங்கே சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார்.

"நான் கை போடறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு" என்றாள் மகள்.

"ரொம்ப அழகாப் பேசறியே!" என்றார் அம்மையார். பிறகு அளவுக்காரரிடம் திரும்பினார். "படைச்சவங்க சொல்றதைக் கேட்டு நாங்க விளக்கம் எழுதறதில்ல. அது கலைக்குப் பண்ற துரோகம்."

"பாப்பாதானேங்க வரைஞ்சா?"

"வரைஞ்சது பாப்பா. பார்த்தது நாங்க. வரையறதுக்கு யாரு வேணும்னாலும் கிடைப்பாங்க. பார்க்கறதுக்குப் படிச்சிருக்கணும்."

"சரிங்க, நீங்க எப்படியும் பார்த்துக்கோங்க. ரெண்டே நிமிஷம் அந்தப் படத்தைக் கொடுங்க. இங்கேயே உட்கார்ந்து ரெண்டு கையைப் போட்டுடுவா. நாங்க போயிடறோம்."

அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்ன வார்த்தை சொல்றீங்க! இது இப்போ உங்க பொண்ணு வரைஞ்ச படம் இல்ல. சேகரிப்பு எண் நாலாயிரத்து இருநூத்துப் பதினெட்டு. கை இல்லாததுதான் இதோட குணம். இதுல கை போடறது கையை வெட்டறதுக்குச் சமம்."

அவருக்குத் தாம் சொன்னது பிடித்துப்போயிற்று. எழுதிக்கொள்ளும்படி உதவியாளரிடம் சைகை காட்டினார்.

மனைவியும் ஒருநாள் பணிமுடிந்து சீருடையோடு போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. "ஞாயித்துக்கிழமை நான் வார்டுல நிக்கிறது குறையாம்! அந்த அம்மா என் வார்டுக்கு ஒருநாள் வராமலா போயிடும்? அப்ப சொல்றேன் எது குறைன்னு." அப்புறம் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "இவருக்குக் கோபமே வராதே, இவரைப் போய்..." என்று முடிக்காமல் விட்டாள்.

கடையிலும் நிலைமை முற்றிவிட்டது. முதலாளி நல்ல மனிதர், அதனால் சுற்றிவளைத்துச் சொன்னார். "இதப் பாருப்பா, உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. வர்றவங்களுக்கு இல்லையே. கொஞ்ச நாளைக்கு உள்ளே சரக்கறையைப் பார்த்துக்கோ." சரக்கறையில் பெட்டிகள் இருந்தன. ஜன்னல் இல்லை. குழந்தைகளின் காலும் இல்லை. வெளியே புது ஆள் ஒருவன் பலகையை வைத்து அளந்து, இறுக்கமான ஷூவைக் கொடுத்தனுப்புவது இவருக்கு உள்ளேயிருந்தே கேட்கும். குழந்தை "வலிக்குது" என்று சொல்லும். "பழகிடும்" என்பான் அவன்.

"அப்பா, எப்போப்பா கை போடலாம்?" என்று மகள் தினமும் கேட்டாள். பெட்டி மூடிகள் அப்படியே அடுக்கியிருந்தன. அந்தப் படத்தை முடிக்காமல் வேறு படம் வரையமாட்டாளாம்.

அடுத்த ஞாயிறு, "கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்பா" என்று கிளம்பினாள். படியேறும்போது இடது கணுக்காலில், சாக்ஸுக்குள், விரல் நீளத்துக்கு என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. அது அளவுக்காரர் கண்ணுக்குத் தப்புமா? தப்பவில்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பிறந்ததிலிருந்து அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

காவலாளி கொட்டாவி விட்ட நேரத்தில் மகள் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். நீலக் கிரேயான். தோளிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. கடை வாசலில் நின்று அவளுக்கு டாட்டா காட்டுகிற கை. மூன்று விரல் போட்டுவிட்டாள். நான்காவது விரலைப் போடுவதற்குள் அபாயச் சங்கு அலறியது. காவலாளி அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் கால்கள் காற்றில் உதைத்தன. "இன்னொரு கை! இன்னொரு கை!" என்று கூடம் முழுக்கக் கேட்டது. அங்கே நின்ற குடும்பங்கள் எல்லாம் குழந்தைகளின் கண்ணைப் பொத்தின.

பழுதான ஓவியங்களைச் சீர்செய்யும் நிபுணர்கள் இரண்டு பேர் வரவழைக்கப்பட்டார்கள். பூதக்கண்ணாடி, பஞ்சு, ஏதோ ஒரு திரவம். ஒன்பது நாள் வேலை செய்து கையை நீக்கினார்கள். பலகையில் மூன்றாவது வரி வந்தது: "தந்தையின் தூண்டுதலால் படைப்பு தாக்கப்பட்டது. அப்போது வரையப்பட்டு, பின்னர் நீக்கப்பட்ட கை, அடிக்க ஓங்கிய நிலையில் இருந்தது கவனிக்கத்தக்கது." மகளுக்கு மூன்று வருடத் தடை. குழந்தைகளுக்கான எந்த நிகழ்ச்சிக்கும் இந்தக் குழந்தை வரக் கூடாது. கடிதத்தின் மூலையில் சூரியகாந்திப் பூ சிரித்தது.

இத்தனைக்கும் பிறகு கூட்டம் அலைமோதியது. பிரிவு உடனே ஒரு புதிய குடும்ப நிகழ்ச்சி தொடங்கியது: "அப்பாவுக்குக் கை கொடுப்போம்." மகளின் படத்தை நூற்றுக்கணக்கில் நகலெடுத்துக் கொடுப்பார்கள், ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம் வந்து அதற்குக் கை வரையலாம். யார் வேண்டுமானாலும் வரையலாம், ஒருத்தியைத் தவிர.

ஒருநாள் அம்மையாரே ஆளனுப்பி அளவுக்காரரை வரவழைத்தார். நாற்காலி போடச் சொன்னார், தேநீர் சொன்னார். மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் கிடையாது" என்றார் அம்மையார். "நீங்கதான் எங்களோட மிகச் சிறந்த பொருள். குழந்தைகள் நகலைப் பார்த்துக் கை போடறாங்க, அதுல உயிர் இல்ல. நேர்ல ஒரு அப்பா உட்கார்ந்திருந்தா? கையைச் சட்டைக்குள்ள விட்டுக்கணும். சட்டைக் கை ரெண்டும் வெறுமையாத் தொங்கணும். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கையை வெளியே எடுக்கக் கூடாது. பன்னிரண்டு ஞாயிறு. எங்களுக்கு இது கல்வி. உங்களுக்குச் சிகிச்சை. பன்னிரண்டும் முடிஞ்சா, பாப்பாவோட தடையை நீக்கி, அசல் படத்தையே ரெண்டு நிமிஷம் கொடுக்கறோம். அவ கை போட்டுட்டா பலகையையும் மாத்தி எழுதிடறோம். கலைக்கூட வரலாற்றிலேயே இப்படி ஒரு பெருந்தன்மை நடந்ததில்ல. நடுவுல ஒரு தடவை கை வெளியே வந்தாலும் ஒப்பந்தம் செல்லாது."

அவர் ஒப்புக்கொண்டார். என்ன செய்வார், பாவம். அந்தப் பலகை மாறினால்தான் சரக்கறையை விட்டு வெளியே வர முடியும். மகள் மறுபடி பெட்டி மூடியைத் தொடுவாள். வீட்டில் மனைவி, "மானம் கெட்ட பொழப்பு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், கைப்பகுதி சுருங்காமல் தொங்குவதற்காக.

பதினோரு ஞாயிறு உட்கார்ந்தார். குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, நகல் படத்தில் சுத்தியல் கை போட்டன, கத்தரிக்கோல் கை போட்டன, தும்பிக்கை போட்டன. பலகையைப் படித்துவிட்டு வரும் பெற்றோர் தங்கள் குழந்தைகளை அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளியே உட்காரவைத்தார்கள். ஆறாவது வாரம் ஒருவர் கண் கலங்க வந்து, "உங்களைப் பார்த்துத்தான் நான் திருந்தினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அளவுக்காரரால் பதில் சொல்ல முடியாது. விதி. மூக்கில் அரித்தாலும் சொறிய முடியாது. ஒன்பதாவது வாரத்திலிருந்து அரிப்பதே நின்றுவிட்டது. அம்மையார் அதை முன்னேற்றம் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்.

பன்னிரண்டாவது ஞாயிறு. மனைவி முறைவேலையை மாற்றிக்கொண்டு மகளோடு வந்திருந்தாள். தடை இன்னும் நீங்காததால் இருவரையும் ஒருக்களித்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அளவுக்காரருக்கு அது தெரியாது. நான்கு நிமிடம்தான் பாக்கி.

அப்போது மூன்று வயதுக் குழந்தை ஒன்று, தாய் பேச்சு சுவாரசியத்தில் இருந்தபோது, தத்தித் தத்தி அவர் முன்னால் வந்தது. இரண்டு ஷூவும் கால் மாறியிருந்தன. இடது வலதிலும் வலது இடதிலும். போதாக்குறைக்கு ஓர் அளவு சின்னது வேறு. விரல்கள் எங்கே மடங்கியிருக்கும் என்பதுகூட அவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. பலகை படிக்கத் தெரியாத குழந்தை. தரையில் பொத்தென்று உட்கார்ந்து காலை நீட்டியது.

சட்டைக்குள் அவருடைய இரண்டு கையும் தாமாகவே நகர்ந்தன. நிறுத்தினார். நெற்றியில் வியர்வை இறங்கியது. எதிரே அம்மையார், கையில் ஒப்பந்தக் காகிதம். லேசாகப் புன்னகை செய்தார்.

குழந்தை காலை இன்னும் கொஞ்சம் தூக்கி அவர் முழங்காலில் வைத்தது. "வலி" என்றது.

அளவுக்காரர் மேலே விட்டத்தைப் பார்த்தார். பாப்பாவுக்காகத்தான், பாப்பாவுக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தார். குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு காலை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே நொண்டி நொண்டிப் போயிற்று. மணி அடித்தது. பன்னிரண்டு ஞாயிறு முடிந்தது. அவருக்குத் தம்மையே பிடிக்கவில்லை. ஆனால் முடிந்தது.

அறை கைதட்டியது. அம்மையார் பேசினார். "ஒரு அப்பா தன் கையைக் கட்டுப்படுத்தக் கத்துக்கிட்டார்! இதைவிட ஒரு கலைக்கூடம் ஒரு குடும்பத்துக்கு என்ன செஞ்சுட முடியும்? இப்போ குழந்தைக்கு நாங்க வாக்கு கொடுத்த சுதந்திரத்தைக் கொடுக்கப்போறோம். ரெண்டு நிமிஷம்."

கதவைத் திறந்து மகளை உள்ளே விட்டார்கள். படத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒரு தட்டில் நீலக் கிரேயான். அவள் மேசைக்கு முன்னால் நின்றாள். கிரேயானைக் கையில் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இரண்டு சட்டைக் கைகளும் தேய்த்த மடிப்புக் கலையாமல் தொங்கின.

"போடு பாப்பா" என்றார் அவர். பன்னிரண்டு ஞாயிற்றுக்குப் பிறகு அந்த அறையில் அவர் பேசிய முதல் சொல். "சீக்கிரம் போடு, கண்ணு."

"அந்தப் பாப்பா உன்கிட்ட காலை நீட்டுச்சு" என்றாள் மகள்.

"ஆமாம்டா."

"ஷூ மாறியிருந்துச்சு. கதவுக்கு வெளியேயிருந்து எனக்கே தெரிஞ்சுது."

அவர் மேசையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"வலிக்குதுன்னு சொல்லுச்சு. நீ மேல பார்த்தே."

"அது உனக்காகத்தான்டா... இரு, இரு, இதோ பாரு" என்று அவர் அவசர அவசரமாகக் கைகளை வெளியே எடுக்கப் பார்த்தார். பொத்தான் சிக்கிக்கொண்டது. மனைவி கதவோரத்திலிருந்து ஓடிவந்தாள். மஞ்சள் கோடு என்று நான்கு பேர் கத்தினார்கள். ஒரு பொத்தான் தெறித்து உருண்டது. கடைசியில் இரண்டு கையையும் உருவி எடுத்து மகளுக்கு முன்னால் நீட்டினார். பத்து விரலும் வெளுத்து, மரத்துப் போயிருந்தன. "இருக்கு பாரு. ரெண்டும் இருக்கு. போடு."

மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். ரொம்ப யோசித்தாள். பிறகு கிரேயானை எடுத்த தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"வேண்டாம்ப்பா. இப்படியே சரியா இருக்கு."

இன்னும் ஐம்பது நொடி பாக்கி இருந்தது. அம்மையார் அதையும் முழுசாகக் கொடுத்தார். குழந்தையின் நேரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. "பார்த்தீங்களா, நாங்க ஒண்ணும் மறுக்கல. குழந்தைக்கே தேவைப்படல" என்று குடும்பங்களைப் பார்த்துச் சொன்னார். மகள் அம்மாவிடம் போய், வீட்டுக்குப் போகலாம் என்றாள். அளவுக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்த இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.